மண்டபம் இருக்கிறது, காகிதம் எங்கே?

விருப்பாச்சி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வாழைப்பழம். தோல் கறுத்துச் சுருங்கச் சுருங்க ருசி ஏறுகிற அந்த மலைவாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதே விருப்பாச்சியைப் பாளையமாக ஆண்டவர் கோபால நாயக்கர். கம்பெனிக்கு எதிராகத் தெற்குச் சீமையில் ஒரு கூட்டணியைக் கட்டி, 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கில் ஏற்றப்பட்டவர். பழனி பஸ் நிலையத்தில் நின்று அவரைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். "கட்டபொம்மன் மாதிரி ஒருத்தருங்க" என்பதற்கு மேல் யாரும் பெரிதாகச் சொல்லிவிட மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொல்வதற்கு ஏற்ற ஒரு வாழ்க்கை வரலாற்றை அவர்கள் கையில் நாம் கொடுக்கவில்லை.

பாலசமுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு புத்தகம் எழுத நினைத்ததில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது. பழனிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சியை இன்று டவுன் பஸ் நிறுத்தமாகத்தான் தெரியும். ஒரு காலத்தில் பழனிப் பாளையக்காரர்கள் இருந்த ஊர் இது. அகோபில வரதராஜப் பெருமாள் கோயில் ஒன்றே அதற்குச் சாட்சி சொல்லும். ஆந்திரத்து அகோபிலத்தின் பெயர் பழனி மலைக்குக் கீழே வந்து சேர்ந்த கதையைச் சொல்லத் தொடங்கினால் விஜயநகரம், மதுரை நாயக்கர்கள், பாளையங்கள் என்று முழு வரலாறும் பின்னால் வரும். விருப்பாச்சி இங்கிருந்து ஒட்டன்சத்திரம் போகும் வழியில்தான். பக்கத்துப் பாளையத்துக்காரரைப் பற்றிப் பக்கத்து ஊர்க்காரன் எழுதுவதில் என்ன சிரமம் இருக்க முடியும்? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், தெரிந்தவை. 1772 ஜூனில் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு அவர் மனைவி வேலு நாச்சியார் தஞ்சம் புகுந்தது விருப்பாச்சியில். அந்த ஆண்டு டிசம்பரில் சிவகங்கைப் பிரதானி தாண்டவராய பிள்ளை படை கேட்டு ஹைதர் அலிக்கு எழுதிய கடிதம் கம்பெனியின் ராணுவக் கோப்பில் இருக்கிறது. 1780-இல் நாச்சியார் சிவகங்கைக்குத் திரும்பும்வரை இந்த மலையடிவாரமும் திண்டுக்கல் கோட்டையும் அவருக்குப் பின்பலமாக இருந்தன. திண்டுக்கல் 1790-இல் கம்பெனி வசம் போனது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை அதை எழுத்தில் உறுதி செய்தது. அதன் பிறகு கலெக்டர்கள் வந்தார்கள், கிஸ்தி ஏறியது, பாளையக்காரர்களின் காவல் உரிமை போனது. மருது சகோதரர்களும், மைசூர்ப் பக்கம் துந்தாஜி வாக்கும், கொங்கு நாட்டுப் பாளையக்காரர்களும் ஒருவரோடு ஒருவர் தொடர்பு வைத்துக்கொண்டதில் நடு முடிச்சாக இருந்தவர் கோபால நாயக்கர். 1800 ஜூன் 3-இல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கினார்கள், தோற்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் துந்தாஜி வாக் கொல்லப்பட்டார். அடுத்து விருப்பாச்சி விழுந்தது. மறு ஆண்டு நாயக்கர் பிடிபட்டார், தூக்கு. திண்டுக்கல் கோபாலசமுத்திரம் குளக்கரையில்தான் அது நடந்தது என்று ஊரார் சொல்கிறார்கள்.

இவ்வளவும் நமக்குத் தெரிவதற்கு ஒரு பெரிய காரணம் பேராசிரியர் கே. ராஜய்யன். 1800-1801 கிளர்ச்சியை முதல் சுதந்திரப் போர் என்று பெயரிட்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 1971-இல் வெளிவந்தது. கம்பெனியின் ராணுவ, வருவாய்க் கோப்புகளைப் புரட்டி எழுதப்பட்டது அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பின்னால் வந்த தமிழ்ப் புத்தகங்களில் பல அவருடைய தோளில் ஏறித்தான் நிற்கின்றன. அவர் திறந்த கோப்புகளுக்கு அப்பால் போக வேண்டும் என்றால் எங்கே போவது?

எழும்பூருக்கு. 1909-இல் கட்டி, இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று வழங்கும் கட்டடத்துக்கு. ராத்திரி பாலக்காடு ரயிலைப் பிடித்தால் விடியலில் சென்னை. ஏறத்தாழ 480 கிலோமீட்டர், தங்க இடம், சாப்பாடு, விடுப்பு. பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த ஆய்வாளருக்கு வழிகாட்டி இருப்பார், உதவித்தொகையும் கிடைக்கலாம். ஊரில் பலசரக்குக் கடை வைத்துக்கொண்டு, அல்லது பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டு, சொந்த ஊரின் கதையை எழுத விரும்புகிறவருக்கு இரண்டும் கிடையாது. அங்கே போனாலும், கம்பெனி எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களில் நம் ஆளைக் கண்டுபிடிப்பது ஒரு தனிப் பாடு. நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். அகராதியும் உதவாது.

கண்டுபிடித்தாலும் கிடைப்பது யாருடைய குரல்? அவரைப் பிடிக்கப் போன படையின் குரல். அந்தக் கோப்புகளில் கோபால நாயக்கர் கலகக்காரர், ஓடிப்போனவர், கடைசியில் தண்டிக்கப்பட்டவர். அவர் எந்தக் கோயிலுக்கு என்ன மானியம் விட்டார், எந்தக் குளத்துக்குக் கரை போட்டார், காவல்காரர்களுக்கு எதைக் கூலியாகக் கொடுத்தார், வீட்டில் யார் கணக்கு எழுதினார் என்பதெல்லாம் கம்பெனிக்குத் தேவைப்படாத சங்கதி. ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாற்றுக்கு முக்கியத் தேவையும் அவைதான். கர்னல் மெக்கன்சி திரட்டிய பாளையப்பட்டு வம்சாவளிகளில் திண்டுக்கல் சீமைப் பாளையங்களைப் பற்றிய கதைகள் உண்டு. அந்தச் சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அவையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டியவை. பாளையத்தைத் தக்கவைக்கவோ திரும்பப் பெறவோ விரும்பியவர்கள் புது எஜமானுக்குச் சொன்ன குடும்பப் பெருமை அது. அதில் பாட்டனார் புலியோடு சண்டை போடுவார், மதுரை ராஜா மெச்சிப் பட்டம் கொடுப்பார், கிஸ்தி பாக்கியைப் பற்றி மட்டும் பேச்சு இருக்காது.

ஆக, எழும்பூர்க் கோப்பையும் வம்சாவளியையும் ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்க்க மூன்றாவதாக ஒரு சான்று வேண்டும். அது இந்த மண்ணில்தான் இருந்தது. செப்பேடுகள், ஓலைகள், மானியக் கடுதாசிகள், கோயில் கணக்குகள், கர்ணம் வீட்டுப் பெட்டிகள். 'இருந்தது' என்று எழுத வேண்டியிருப்பதுதான் என் முறையீடு.

பாலசமுத்திரம், ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி, விருப்பாச்சி என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். "இருந்துச்சுங்க தம்பி, எங்க தாத்தா காலத்துல ஒரு மரப்பெட்டி நெறய. கரையான் பாதி தின்னுருச்சு. மிச்சத்த ஆடிப்பெருக்குக்கு ஆத்துல விட்டுட்டோம்." ஓலையை ஆற்றில் விடுவதைப் பாவம் என்று யாரும் நினைப்பதில்லை. படிக்கத் தெரியாத ஏட்டை வீட்டில் வைத்திருந்தால் ஆகாது என்ற பழைய நம்பிக்கை அது. செப்பேடு என்றால் வேறு பயம். எடுத்துக் காட்டினால் அரசு பறித்துக்கொள்ளும், அதில் சொன்ன நிலத்துக்கு வம்பு வரும், பங்காளி வழக்குப் போடுவான். பயத்தில் மறைக்கிறார்கள். மறைத்தவர் காலமானதும் பேரன் பித்தளைக் குண்டானோடு சேர்த்து எடைக்குப் போடுகிறான்.

கர்ணம் வீட்டுக் கதை கொஞ்சம் பெரியது. 1980 நவம்பர் 14-இல் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. செய்ய வேண்டிய காரியம்தான். சாதியும் பரம்பரையும் கிராமக் கணக்கைக் கைக்குள் வைத்திருந்த காலம் அதோடு போனது. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டில் சேர்ந்திருந்த காகிதங்களில் நடப்புக் கணக்கு கைமாறியது, பழையது பல இடங்களில் பரணிலேயே தங்கிப்போனது. ஐந்து ஆண்டு கழித்து, 1985-இல், மதுரையிலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பழைய காகிதம் மதுரைக் கணக்கிலா, திண்டுக்கல் கணக்கிலா, தாலுகாவிலா என்று கேட்கப் போனால் மூன்று இடத்திலும் அடுத்த இடத்தைக் கை காட்டுவார்கள். எனக்கு நேர்ந்ததும் அதுதான். ஓர் அலுவலகத்தில் கட்டுக் கட்டாகச் சாக்கில் கிடந்ததைப் பார்த்துக் கேட்டபோது, "அதெல்லாம் கழிவுக்கு எடுத்து வச்சதுங்க சார்" என்றார் அங்கிருந்த ஊழியர். அவரைத் திட்டிப் பயனில்லை. எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை.

இந்த இடத்தில் பிரான்ஸ் நாட்டு ஆள் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். அலேன் கோர்பான் என்ற வரலாற்றாசிரியர் 1998-இல் ஒரு விசித்திரமான வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அதன் நாயகன் ராஜாவோ, கவிஞனோ, கலகக்காரனோ அல்ல. ஓர்ன் மாவட்டத்தில் மரச்செருப்புச் செதுக்கிப் பிழைத்த லூயி பிரான்சுவா பினாகோ, எழுதப் படிக்கத் தெரியாதவர். 1798-இல் பிறந்து 1876-இல் இறந்தார். மாவட்ட ஆவணக் காப்பகத்தின் பிறப்பு, இறப்புப் பதிவேட்டிலிருந்து குருட்டாம்போக்கில் அந்தப் பெயரைப் பொறுக்கி எடுத்து, அவரைச் சுற்றியிருந்த வரி, ராணுவச் சேர்க்கை, காட்டு வழக்கு, சொத்துப் பதிவு ஆகியவற்றை வைத்தே ஒரு முழுப் புத்தகத்தைக் கோர்பான் எழுதிவிட்டார். பிரெஞ்சுக்காரருக்கு நம்மைவிட மூளை அதிகம் என்பதல்ல காரணம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆவணக் காப்பகம் இருக்க வேண்டும் என்று அங்கே 1796-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். யாருக்கும் தெரியாத செருப்புத் தொழிலாளிக்கு அங்கே ஒரு வாழ்க்கை வரலாறு சாத்தியம். படை திரட்டிப் போராடிய பாளையக்காரருக்கே இங்கே தடவித் தடவி எழுத வேண்டியிருக்கிறது. அவரோடு நின்ற காவல்காரன், கடிதம் சுமந்து மலை ஏறியவன், கோயம்புத்தூர்த் தாக்குதலுக்குப் பின் தூக்கில் தொங்கியவர்கள், விருப்பாச்சியில் நாச்சியாருக்குச் சோறு பொங்கிய பெண் என்று அடுத்த படிக்குப் போனால் முழு இருட்டு.

அந்த இருட்டு சும்மா இருப்பதில்லை. ஆதாரம் இல்லாத இடத்தை ஆளுக்கொரு துண்டுப்பிரசுரம் நிரப்புகிறது. குருபூஜை நாளன்று ஒவ்வொரு சங்கமும் தன் வீரரின் படத்தைப் போட்டு ஒரு சிறுநூல் அச்சடிக்கிறது. அதில் பிறந்த தேதி இருக்கும், குலப்பெருமை இருக்கும், எங்கிருந்து எடுத்தது என்பது மட்டும் இருக்காது. 1800-இல் வெவ்வேறு சாதி, மத, மொழிக்காரர்கள் சேர்ந்து கட்டிய ஒரு கூட்டணி, இன்றைய பேனர்களில் தனித்தனிச் சாதி வீரர்களாகப் பிரிந்து நிற்கிறது. இதைச் சரிசெய்யப் பேச்சு உதவாது, ஆதாரம்தான் உதவும். விருப்பாச்சியில் அரசு மணிமண்டபம் கட்டியிருப்பது நல்ல காரியம். மாலை போட ஓர் இடம் வேண்டும்தான். ஆனால் மண்டபத்துக்கு நிதி ஒதுக்கும் அரசுக்கு, மண்டபத்துக்குரியவரின் காகிதத்துக்கும் ஒரு சிறு பங்கு ஒதுக்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை?

"தண்ணி வராத ஊர்ல உங்களுக்கு ஓலைச்சுவடி கேக்குதா?" என்று நண்பர்களே கேட்கிறார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு மனுக்களுக்கு நடுவே இதைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை வரிசையில் நிற்பவர்களில் பலர் தேடுவதும் பழைய காகிதத்தைத்தான். குளத்து ஆக்கிரமிப்பு வழக்கில் குளத்தின் எல்லையைச் சொல்வது பழைய செட்டில்மென்ட் பதிவேடும் அதற்கு முந்தைய பைமாஷ் கணக்கும். கோயில் நிலமா, தனியார் நிலமா என்ற தகராறில் கடைசியில் பேசுவது 1860-களில் இனாம் கமிஷன் எழுதி வைத்த பதிவேடு. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையால் 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்க உத்தரவான பஞ்சமி நிலம், டிசி நிலம் என்று ஊரில் சொல்வார்களே அது, கைமாறிப் போனதை நிரூபிக்கவும் பழைய பதிவேட்டில் அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பத்திரப் பதிவிலும் இதே நிலைதான். வில்லங்கம் இணையத்தில் 1975-இலிருந்து கிடைக்கிறது. அதற்கு முந்தையது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் புத்தகம் புத்தகமாகக் கையால் தேட வேண்டும். அந்தப் புத்தகம் கிழிந்தால் கோபால நாயக்கரின் மானியத்தோடு பக்கத்து வீட்டு விவசாயியின் தோட்டமும் சேர்ந்தே காணாமல் போகும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2005-இல் வந்த அந்தச் சட்டம், இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகள் என்றால் விலக்குகளில் பெரும்பாலானவை பொருந்தாது என்றே சொல்கிறது. ஆனால் இருப்பதைத்தான் கேட்டு வாங்க முடியும். கழிவில் போனதை எந்தப் பொதுத் தகவல் அலுவலரும் திருப்பித் தர முடியாது.

வழி இல்லாமல் இல்லை. காசும் இல்லாமல் இல்லை. பாலசமுத்திரத்தில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி சேர்த்துக் கட்டுகிறோம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் போட்ட வரி அது. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டிய பணம். அதிலிருந்து கிளை நூலகத்தில் ஊர் வரலாற்றுக்கு ஓர் அலமாரியும், மாவட்ட மைய நூலகத்தில் ஒரு ஸ்கேனரும் கேட்பது பெரிய ஆசையா? மதுரை மாவட்டக் கெசட்டியரை 1906-இல் எழுதிய பிரான்சிஸ், 1868-இல் மதுரை நாட்டைப் பற்றி எழுதிய நெல்சன், தாலுகாவின் கல்வெட்டு அறிக்கைகள், ராஜய்யன் நூல் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருந்தாலே பாதிச் செலவு மிச்சம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் நிறைய ஏறிவிட்டன. தேசிய ஆவணக் காப்பகம் தன் கோப்புகளை அபிலேக் படல் தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. எழும்பூரில் இருக்கும் திண்டுக்கல் கலெக்டர் காலத்துக் கோப்புகளையும் அதேபோல் ஏற்றி, இந்த மாவட்ட மக்கள் இங்கேயே உட்கார்ந்து பார்க்க வழி செய்யலாம். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். 1790 முதல் 1805 வரை என்று தொடங்கட்டும்.

வீடுகளில் இருப்பதற்கு வேறு முறை வேண்டும். காகிதத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், படம் மட்டும் எடுங்கள். இதுதான் முக்கியம். ஓலையோ செப்பேடோ வீட்டுக்காரரிடமே இருக்கட்டும். அதைக் காட்டியதற்காக நிலத்தில் கை வைக்க மாட்டோம் என்று கலெக்டர் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு வரட்டும். சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அதிலேயே தமிழில் எழுதட்டும். தொல்பொருள் சட்டம் 75 ஆண்டு கடந்த சுவடியையும் தொல்பொருளாகக் கொள்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அரைகுறையாகத் தெரிந்தவர்தான் பயந்து ஆற்றில் விடுகிறார். தாலுகாவுக்கு ஒரு முகாம் போதும். பழனியாண்டவர் கலை பண்பாட்டுக் கல்லூரி பழனியிலேயே இருக்கிறது, காந்திகிராமப் பல்கலைக்கழகம் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில். வரலாறும் தமிழும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல களப்பணி எங்கே கிடைக்கும்? ஓலை படிக்கத் தெரிந்தவரை ஒருவர் இருவராவது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்து வரலாம். மத்திய அரசு 2025-26 பட்ஜெட்டில் ஒரு கோடிச் சுவடிகளுக்கு மேல் ஆவணப்படுத்த ஞானபாரதம் திட்டத்தை அறிவித்திருக்கிறது. நம் மாவட்டத்தின் சுவடிகளும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்றால் இங்கிருந்து யாராவது கேட்க வேண்டும்.

அரசு அலுவலகங்களுக்கு ஒரே ஒரு வரி உத்தரவு போதும்: 1950-க்கு முந்தைய எந்தக் கட்டையும் ஆவணக் காப்பக அலுவலர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடாமல் கழிக்கக் கூடாது. இதற்கு நிதி வேண்டாம், கட்டடம் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை, ஒரு முத்திரை.

பாலசமுத்திரம் பேரூராட்சி மன்றம் இதில் முந்திக்கொள்ளலாம். நூலக வரியில் ஒரு பகுதியை ஊர் வரலாற்றுப் பிரிவுக்குச் செலவிடக் கோரி ஒரு தீர்மானம், வீட்டு ஆவணங்களைப் படம் எடுக்கும் முகாமைத் தன் ஊரிலிருந்தே தொடங்கக் கோரி இன்னொன்று. இரண்டும் கலெக்டருக்கும் நூலக ஆணைக்குழுவுக்கும் போகட்டும். வார்டு உறுப்பினர்கள் மனது வைத்தால் அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலிலேயே சேர்த்துவிடலாம். முகாமை ஐப்பசிக்கு முன்னால் நடத்த வேண்டும். மலையடிவாரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பரண் ஒழுகும், ஓலை பூஞ்சணம் பிடிக்கும், தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது பழையதெல்லாம் வாசலுக்கு வந்துவிடும்.